வெளிச்சப் பலகைக்கு முன் இருபது நிமிஷம்

பத்து நாற்பத்து நாலுக்கு அந்தப் பாட்டில் போனது. போனது நிச்சயம், அதற்குள் ஏதாவது இருந்ததா என்பதுதான் அஞ்சலாட்சிக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு எதிரே வெளிச்சப் பலகை. பால் கண்ணாடிக்குப் பின்னால் குழல் விளக்குகள் எரிகிற வெள்ளைச் சதுரம். அதற்கும் அவள் மூக்குக்கும் நடுவே, கழுவி வந்த காலி பீர் பாட்டில்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இடது பக்கமிருந்து வலது பக்கம் போய்க்கொண்டே இருக்கின்றன. நிமிஷத்துக்கு நூறு. பீடித் துண்டு கிடந்தால் கறுப்பாகத் தெரியும். பாசி இருந்தால் புகை போலத் தெரியும். கண்ணாடிச் சில்லு இருந்தால் மினுங்கும். நீர்த்துளி இருந்தாலும் மினுங்கும். துளி வழுக்கும், சில்லு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பார்க்க ஒரு கண் சிமிட்டும் நேரம் கூடுதலாக வேண்டும். அந்த ஒரு சிமிட்டல் நேரம் அவள் இங்கே இல்லை. எங்கே போயிருந்தாள்? அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் இன்னொன்று போய்விடும். பார். இது சுத்தம். இது சுத்தம். இது கழுத்தில் கீறல், பழைய கீறல், போகட்டும். அடியில் மினுங்கியது. உளுந்து அளவு இருக்கும். இல்லை, அரிசி நொய் அளவு. கை எழுவதற்குள் பாட்டில் பலகையைத் தாண்டித் தகரக் கூண்டுக்குள் நுழைந்துவிட்டது. நுழைந்தால் அரை நிமிஷத்தில் நிரப்புகிற மெஷின், அடுத்த மூச்சில் மூடி. வலது கைப் பக்கம் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. தப்பவிட்டால் அழுத்தவும் என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறது. கை மடியிலேயே இருக்கிறது.

மஞ்சள் பீர் ஓடுகிற நாளில் இவ்வளவு பயம் இல்லை. நிரப்பி மூடிய பிறகும் ஒரு விளக்கு உண்டு, இங்கே தப்பியது அங்கே மாட்டும். இன்று ஓடுவது யாளி என்கிற கறுப்பு பீர், அதற்கு அது வீண் என்று காலையிலேயே அந்த விளக்கை அணைத்துவிட்டார்கள். யாளி அடிப்பிடித்த கஷாயத்தின் நிறம். பழுப்புப் பாட்டிலுக்குள் போய்விட்டால் சூரியனிடமே காட்டினாலும் மறுபக்கம் தெரியாது. "இன்னிக்கு உங்க கண்ணுதான் கடைசிக் கண்ணு, ஞாபகம் இருக்கட்டும்" என்று சூப்பர்வைசர் ஸ்டெல்லா மேடம் எட்டு மணிக்கே சொல்லிவிட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி கைமாறியபோது, கறுப்பு பீரை யார் குடிக்கிறார்கள் என்று புது முதலாளிகள் யாளியை நிறுத்தினார்கள். இப்போது யாரோ பையன்கள் கைபேசியில் யாளி வேண்டும் யாளி வேண்டும் என்று எழுதி எழுதி, அதே முதலாளிகள் அதே சரக்கைத் திரும்பக் காய்ச்சியிருக்கிறார்கள். இன்று முதல் நாள். அந்தப் பையன்கள் விருந்தாளிகளாக வருகிறார்கள். லைன் நிற்கக் கூடாது. இப்போது அழுத்தினால், என்ன பார்த்தாய் என்பார்கள். மினுங்கியது என்பாள். சில்லா, தண்ணியா? தெரியாது சார். தெரியாமலா லைனை நிறுத்தினாய்? அழுத்தாவிட்டால்? அழுத்தாவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கடிகாரத்தில் நாற்பத்து ஐந்து. ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கிறது, இப்போதும் அழுத்தலாம். இப்போது அழுத்தினால் ஒரு நிமிஷமாக ஏன் அழுத்தவில்லை என்று மட்டும்தான் கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் யோசித்துவிட்டு அழுத்தலாம். நாற்பத்து ஆறு.

வாசனைதான் காரணம். காலையிலிருந்து மேற்குக் கட்டடத்தில் அடுத்த கொதி ஓடுகிறது. கருக வறுத்த பார்லி கொதிக்கிற வாசனை கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி வழியாக உள்ளே வந்துவிட்டது. காப்பிக்கொட்டையை மறந்துபோய்க் கருக விட்டது போல, அதோடு வெல்லப்பாகும் சேர்ந்தது போல. இந்த வாசனையில்தான் தேசிங்கு வீட்டுக்கு வருவான். அவள் புருஷன் இதே கம்பெனியில் லோடுமேன். லேபிள் கோணலாக ஒட்டிய பாட்டில்களை அப்போதெல்லாம் வெளியே விற்கமாட்டார்கள், லோடு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். தினம் இரண்டு. சட்டை, லுங்கி, தலைமுடி, பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையின் கன்னம், எல்லாவற்றிலும் யாளி மணக்கும். குடித்துவிட்டு அடிக்கிற ஆள் இல்லை அவன். குடித்துவிட்டுக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆள், அதுவும் தப்புத் தப்பாக. யாளி நின்ற பிறகு கையில் கிடைத்ததைக் குடித்தான். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, பெரியாஸ்பத்திரியில் ஜன்னல் பக்கக் கட்டிலில் கிடந்தபோது சொன்னான்: "யாளி சாப்பாடு மாதிரிடி. அதை நிறுத்துனானே, அவன்தான் என்னைக் கொன்னுட்டான்." தெருவில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்படி இருக்குமா? தினம் இரண்டு யாளி குடித்தபோதே உள்ளே எல்லாம் கெட்டுப்போயிருக்காதா? டாக்டர் அதைத்தான் சொன்னார். டாக்டர் சொன்னதும் சரி, தேசிங்கு சொன்னதும் சரி என்று இரண்டையும் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டியாகிவிட்டது. பார், பார். இது சுத்தம். இதில் நுரை, கழுவிய நுரை, எடு. எடுத்துக் கூடையில் போட்டாள். கை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பத்து நாற்பத்து நாலுக்கு என்ன நினைத்தாள் என்பது இப்போது நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. யாளி திரும்ப வந்துவிட்டது, சாயங்காலம் போய் அந்த ஆளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். முழுசாக, சந்தோஷமாக நினைத்தாள். சொல்ல ஆள் இல்லை என்பது ஞாபகம் வர ஒரு கண் சிமிட்டும் நேரம் ஆனது. அந்த நேரத்தில்தான் அது போனது.

"யக்கா, தூங்கிட்டியா?" என்றாள் வளர்மதி. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாள். மூடிய பாட்டிலைப் பார்க்கிற அவளுடைய விளக்கை அணைத்துவிட்டதால் இன்று அவளுக்கு வேலை இதுதான்: இருபது நிமிஷம் முடிந்ததும் அஞ்சலாட்சியை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரே ஆள் பார்த்தால் கண் நிரம்பிவிடும். பாட்டில் நிற்பது போலவும் சுவர் ஓடுவது போலவும் ஆகிவிடும். "தூங்கலடி. பேசாத." "நான் பேசலனா நீ தூங்கிடுவ. சாயங்காலம் ஆளுக்கு மூணு பாட்டில் தர்றாங்களாம், தெரியுமா? இப்ப ஓடுது பாரு, இந்தப் பெட்டியிலேருந்தே. இதெல்லாம் நமக்கும் விருந்தாளிக்கும்தானாம், கடைக்கு நாளைக்குத்தான்." அஞ்சலாட்சி திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்பது விதி. "உனக்கெதுக்குடி மூணு பாட்டில்? உன் வூட்டுக்காரன்தான் மாலை போட்டிருக்கானே." "எனக்கில்லக்கா, என் தங்கச்சிக்கு. புள்ள பொறந்து பதினோரு நாளாவுது, பால் பத்தல. எங்கம்மா ஒரே புடி, கறுப்பு பீரு கொஞ்சம் சுட வச்சு பனவெல்லம் போட்டுக் குடுத்தா பாலு ஊத்தா ஊத்துமாம். உனக்குக்கூடக் குடுத்தாங்கன்னு சொன்னியே." சொன்னாள்தான். மூத்தவன் பிறந்தபோது மாமியார் எவர்சில்வர் டம்ளரில் கொண்டு வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி என்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவள் டம்ளருக்குள் பார்ப்பாளா? பார்த்தாலும் தெரியாது. கறுப்பு. சுட வைத்தால் சில்லு அடியில் தங்கும். தங்குமா, கலக்கி ஊற்றுவார்களா? பனவெல்லம் கரைய வேண்டுமே, கலக்கத்தான் செய்வார்கள். பதினோரு நாள் பிள்ளைக்காரி. வளர்மதி முறுக்கைக் கடிக்கிற சத்தம் காதுக்குள் நொறுங்குகிறது. "மெதுவா தின்னேன்டி." "முறுக்கை எப்படிக்கா மெதுவா திங்கிறது?" நாற்பத்து எட்டு.

சோதனைப் பாட்டிலாக இருக்கும். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை? கண் சரியாகப் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ள ஸ்டெல்லா மேடம் சில நாள் கழுவுகிற பக்கம் போய், சில்லு ஒட்டிய பாட்டில் ஒன்றை ஓசைப்படாமல் வரிசையில் சொருகிவிடுவார். அதன் அடியில் வெள்ளைப் புள்ளி வைத்திருக்கும், நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாது. இவர்கள் எடுத்தால் சரி. தப்பவிட்டால் கூண்டின் கடைசியில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து அவரே எடுத்துக்கொள்வார், முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார், சாயங்காலம் நோட்டில் ஒரு பெருக்கல் குறி விழும். அப்படியென்றால் மினுங்கியது சில்லுதான், ஆனால் அது இந்நேரம் மேடத்தின் மேசையில் இருக்கிறது. யாருக்கும் ஆபத்தில்லை, அவளுக்கு மட்டும் ஒரு குறி. ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. மூன்று விழுந்தால் இந்த நாற்காலி போய்விடும், திரும்பக் கழுவுகிற பக்கம். பத்து வருஷம் அங்கே நின்றவள் அவள். காரத் தண்ணீர் கையுறைக்குள் எப்படியாவது இறங்கிவிடும். விரல் நுனியெல்லாம் வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகி, வாசலில் விரல் வைக்கிற மெஷின் அவளை யாரென்றே தெரியாது என்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் சிவப்பு விளக்கு, ஒவ்வொரு நாளும் பின்னால் நிற்கிறவர்களின் முணுமுணுப்பு, செக்யூரிட்டியின் கேலி: "உங்களுக்கு ரேகையே இல்லையேம்மா, திருடப் போலாமே." இந்த நாற்காலிக்கு வந்து மூன்றாவது மாதம் ஒரு காலையில் மெஷின் பச்சை காட்டியது. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டை விரலையே பார்த்துக்கொண்டு போனாள். வட்டம் வட்டமாக ரேகை திரும்பி வந்திருந்தது. அது போய்விடும். போனால் போகட்டும், சோதனைப் பாட்டிலாகவே இருக்கட்டும். ஆனால் மேடம் கூண்டின் கடைசியில் நின்றாரா? பத்து முப்பத்து ஐந்துக்கே விருந்தாளிகளை அழைத்துவர கேட்டுக்குப் போய்விட்டாரே? போவதற்கு முன்னால் சொருகியிருக்கலாம். சொருகிவிட்டு எடுக்க ஆள் இல்லாமல் போயிருக்கமாட்டார். மறந்திருக்கலாம். மேடம் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அப்படியானால் அது சோதனைப் பாட்டில் இல்லை. அப்படியானால் துளி. துளிதான். கழுவி வந்த பாட்டிலில் துளி இல்லாமல் இருக்குமா? இதோ, இதில் துளி. வழுக்குகிறது. இதிலும். இதெல்லாம் மினுங்குகிறது, இதற்கெல்லாம் பயந்தாயா? பயப்படவில்லை. இவையெல்லாம் மேலே மினுங்குகின்றன. அது அடியில்.

ஐம்பத்து மூன்று. இப்போது அழுத்தினால் ஒன்பது நிமிஷம். ஒன்பது நிமிஷமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதற்குப் பூமியில் பதில் கிடையாது. நாற்பத்து ஐந்தில் அழுத்தியிருந்தால் கெட்டியான பதில் இருந்தது. கை மரத்துப்போச்சு சார். நாற்பத்து ஆறில்கூடச் சொல்லியிருக்கலாம். குணவதி நினைவுக்கு வந்தாள். ஒரே மாதத்தில் மூன்று தடவை பொத்தானை அழுத்தினாள், மூன்று தடவையும் ஒன்றும் கிடைக்கவில்லை. யாரும் திட்டவில்லை. கண் டாக்டரிடம் அனுப்பினார்கள், கண் நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வந்தாள், அடுத்த வாரம் கழுவுகிற பக்கம் நின்றாள். அழுத்தச் சொல்லி எழுதி ஒட்டியவர்களே அழுத்தினவளை இறக்கிவிட்டார்கள். ஒன்பது நிமிஷத்தில் தொள்ளாயிரம் பாட்டில். தொள்ளாயிரத்தையும் உடைத்துக் கொட்டுவார்களா, பதினோரு வருஷம் கழித்து வந்த யாளியை? கொட்டினால் தரையெல்லாம் அந்த வாசனை எழும். தேசிங்கு பார்த்தால் படுத்துப் புரண்டு அழுவான். சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுகொண்டது, சில்லு மாட்டினால் இப்படித்தான் நிற்குமோ. விழுங்கினால் முதலில் தெரியாதாம். மறுநாள்தான் வயிற்றைப் பிடிக்குமாம். யார் சொன்னார்கள்? யாரோ. மூன்று பாட்டில் வளர்மதிக்கு, மூன்று அவளுக்கு, மூன்று குணவதிக்கு, மூன்று அந்தக் கேலி பேசுகிற செக்யூரிட்டிக்கு. இந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற யாரோ ஒருவர் வீட்டுக்குத்தான் அது போகப்போகிறது. தன் பங்கில் வந்தால் வாசலில் கொட்டிவிடலாம். தன் பங்கிலேயே வரட்டும். எத்தனையோ நேர்த்திக்கடன் செய்திருக்கிறாள், இப்படி ஒன்றை எந்தச் சாமியிடம் கேட்பது?

சத்தம் கேட்டது. விருந்தாளிகள் உள்ளே வந்துவிட்டார்கள். பார்க்காமலே தெரிந்தது, பலகையின் ஓரத்தில் கறுப்பு கறுப்பாக நிழல் ஆடியது. எல்லோரும் மார்பில் யாளி போட்ட கறுப்பு பனியன், கையில் கைபேசி. மேனேஜர் சந்தானகோபால் சாரின் குரல், விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிற கனிந்த குரல். ஸ்டெல்லா மேடம் கூட்டத்திலிருந்து பிரிந்து நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பவுடர் வாசனை. "எல்லாம் சரியாப் போவுதா?" அஞ்சலாட்சி பாட்டில்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேட்டால் தன்னையே காட்டிக்கொடுத்தது போலாகும். கேட்காவிட்டால் செத்துப்போய்விடுவாள் போலிருந்தது. "மேடம், இன்னிக்கு டெஸ்ட் பாட்டில் விட்டீங்களா?" "இன்னிக்கா? விருந்தாளி வர்ற நாள்ல எனக்கு வேற வேலையில்லையா? டெஸ்டெல்லாம் திங்கக்கிழமை பாத்துக்கலாம். ஏன்?" ஏன் என்ற அந்த ஒரு சொல் அங்கேயே நின்றது. கடிகாரத்தில் ஐம்பத்து ஆறு. சொல்லலாம். பன்னிரண்டு நிமிஷத்துக்கு முன்னால் மேடம், அடியில் மினுங்கிச்சு மேடம், எம் புருஷன் நெனப்புல இருந்துட்டேன் மேடம். சொல்வதற்குள் கை தானாகப் போய் பொத்தானை அழுத்தியது.

சைரன் அலறி அடங்கியது. எல்லா மெஷின்களும் நின்றபோது, இத்தனை வருஷத்தில் பகலில் அவள் கேட்டிராத ஒரு அமைதி வந்தது. மேனேஜர் ஓடி வந்தார், பின்னால் கைபேசிகள். "என்னம்மா?" "சில்லு சார். அடியில மினுங்கிச்சு." "எப்போ?" இதற்குத்தான் பன்னிரண்டு நிமிஷமாகப் பதில் தேடியிருந்தாள், கிடைத்திருக்கவில்லை. இப்போது கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. "இப்பதான் சார்." ஸ்டெல்லா மேடம் அவளைப் பார்த்தார். "இப்பதானா?" "இப்பதான் மேடம்." மேடம் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கூண்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஐம்பது அறுபது காலிப் பாட்டில்கள், ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்தார்கள். மெஷினில் நிரம்பியிருந்தவற்றை வெள்ளைத் துணி கட்டிய வாளிக்குள் ஊற்றினார்கள். துணி கறுத்தது, நுரை பழுப்பாக எழுந்து வாளி விளிம்பில் வழிந்தது. இருக்கட்டும், இருக்கட்டும் என்று அவள் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். இதில் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் கடிகாரம் பொய்யாக இருக்கட்டும், நாற்பத்து நாலு இன்னும் வராமல் இருக்கட்டும், அந்தத் துணியில் ஒரே ஒரு நொய் அளவு மினுங்கட்டும். வளர்மதி முறுக்குப் பொட்டலத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கடைசிப் பாட்டிலையும் கவிழ்த்தார்கள். துணியை உதறினார்கள். ஒன்றுமில்லை.

இனிக் கழுவுகிற பக்கம்தான் என்று எழுந்து நின்றாள். ஆனால் சந்தானகோபால் சார் கைபேசிகளைப் பார்த்துவிட்டு, அவற்றுக்காகவே சிரித்தார். "பாத்தீங்களா? ஒரு துளி சந்தேகம் வந்தாக்கூட எங்க லேடீஸ் லைனை நிறுத்திடுவாங்க. இந்தம்மாவோட ஹஸ்பெண்டும் இங்கதான் வேலை செஞ்சாரு. யாளி ஒரு குடும்பம்." யாரோ ஒருவன் கை தட்டினான், பிறகு எல்லோரும் தட்டினார்கள். வளர்மதியும் தட்டினாள், "கலக்குறக்கா" என்றாள். யாளி பனியன் போட்ட ஒருவன் அருகில் வந்து, அக்கா உங்கள மாதிரி ஆளுங்களாலதான் எங்க யாளி எங்களுக்குக் கிடைக்குது, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன் என்றான். வெறுங்கையோடு எப்படி எடுப்பது என்று லேபிள் மெஷின் பக்கமிருந்து யாரோ ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்கள். புது யாளி, லேபிள் நேராக ஒட்டியது, சில்லென்று. மெஷின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அந்த அமைதி இருக்கும்போதே அவள் பாட்டிலை மெல்லச் சாய்த்தாள். மறுபக்கம் சாய்த்தாள். காதோடு வைத்து இன்னொரு தடவை சாய்த்தாள்.

"அக்கா, நேராப் புடிங்க" என்றான் அவன். "லேபிள் தெரியல."